மலையில் இருந்தபடியே கணினிப் பட்டம்: வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் முப்பது வயதைத் தாண்டி ஏதாவது ஒரு கணினி வேலையில் இருப்பவர்கள் இணையவழிப் பட்டம் பற்றிக் கேட்கும்போது முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். பி.காம் படித்துவிட்டு நெட்வொர்க் பராமரிப்புக்குப் போனவர், பிளஸ் டூவோடு நின்று இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டவர், கோவை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதனை செய்பவர் என்று பலரும் இதில் அடக்கம். பதவி உயர்வின்போதும் வேலை மாறும்போதும் "கணினித் துறைப் பட்டம் இருக்கிறதா?" என்ற கேள்வி இவர்களை வழிமறிக்கிறது. கீழே போய் மூன்று நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்க இவர்களால் முடியாது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், தேயிலைத் தோட்டம் இருக்கிறது, மாதச் சம்பளமும் வேண்டும்.

இவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். கட்டணத்தைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றை வரிசையாகப் பார்த்து முடித்தால், எந்தப் படிப்பு உண்மையில் மலிவானது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதல் படி: பட்டத்தை எங்கே காட்டப் போகிறீர்கள்?

அரசு வேலைக்கோ, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கோ, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கோ காட்டப் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டு இணையவழிப் பட்டத்தின் பக்கம் அவசரப்பட்டுப் போக வேண்டாம். வெளிநாட்டுப் பட்டம் இங்கே செல்லுபடியாக, அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றிதழ் வேண்டும். வீட்டிலிருந்து இணையம் வழியாகப் படித்த வெளிநாட்டுப் பட்டத்துக்கு அந்தச் சான்றிதழ் வாங்குவது எளிதல்ல. படிப்பு எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். சேரும் முன்பே, எந்த அலுவலகத்தில் அதைக் காட்டப் போகிறீர்களோ அங்கே எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் யாரோ "செல்லும்" என்று சொன்னது நான்கு ஆண்டு கழித்து உதவாது.

தனியார் நிறுவனத்தில் பதவி உயர்வு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக வேலை செய்வது, பிற்பாடு வெளிநாட்டில் மேற்படிப்பு அல்லது குடியேற்றம் ஆகியவை உங்கள் நோக்கம் என்றால் வெளிநாட்டுப் பட்டம் நன்றாகவே பயன்படும்.

இந்தியப் படிப்புகளில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம். ஆனால் பி.இ., பி.டெக். போன்ற பொறியியல் பட்டங்களை இணையவழியில் நடத்த அனுமதி கிடையாது. "வேலையில் இருந்துகொண்டே ஒரே வருடத்தில் பி.டெக். வாங்கித் தருகிறோம்" என்று யாராவது அலுவலகம் போட்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் படிக்கட்டிலேயே திரும்பிவிடுங்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்த ஆண்டில் நடத்தலாம் என்ற பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் படிப்பும் நீங்கள் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சான்றிதழ்கள், குறிப்பாக உங்கள் பெயர்

நம் ஊரில் அதிகம் பேரை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்துவது மதிப்பெண்ணோ பணமோ அல்ல, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எம். ராஜேஷ்" என்று இருக்கும். கல்லூரிச் சான்றிதழில் "ராஜேஷ் எம்". ஆதாரில் வெறும் "ராஜேஷ்". பாஸ்போர்ட்டில் "ராஜேஷ் மாதன்". நமக்கு இவை நான்கும் ஒரே ஆள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு நான்கு வெவ்வேறு ஆட்கள். விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இனிஷியலை விரிக்காமல் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது.

எனவே முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். வெளிநாடு போகாவிட்டாலும் எடுங்கள். அதில் இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராக வைத்துக்கொள்ளுங்கள். அன்றுமுதல் விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு, பணம் செலுத்தும் கணக்கு எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதே பெயரைப் பயன்படுத்துங்கள். பழைய சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு, எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்ட பெண்களுக்குத் திருமணப் பதிவுச் சான்றும் தேவைப்படும். பெயரையே முழுவதுமாக மாற்றியவர்கள் அரசிதழ் அறிவிப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும் இதுவும் ஒன்றல்ல. நீங்கள் படித்த எல்லாப் பாடங்களையும் மதிப்பெண்களையும் தொகுத்து, பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தரும் ஆவணம் இது. உதகை அரசுக் கலைக் கல்லூரியில் படித்தவர் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி இதைத் தராது. பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடி முத்திரையிட்ட உறையையோ, பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பும் மின்பிரதியையோ மட்டுமே ஏற்கும். ஒன்றுக்கு மூன்று பிரதிகளாக வாங்குங்கள். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால் மற்ற வேலைகளைத் தொடங்கும் முன்பே இதைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: செலவில்லாமல் ஒரு சோதனை

பணம் கட்டும் முன், வாரம் பதினைந்து மணி நேரம் உங்களால் ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் நிரல்மொழிப் பாடம் எட்டு வாரம். தரவுக் கட்டமைப்பும் படிமுறைகளும் (அல்காரிதம்) அதில் வரும். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்களும் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வேலையில் நாம் ஒரே மாதிரியான சிக்கல்களைத் தீர்த்துப் பழகியிருக்கிறோம். பட்டப்படிப்பு நம்மைப் புதிய சிக்கலின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. எட்டு வார அசைன்மென்ட்டுகளையும் தவறாமல் முடித்தவர் பட்டப்படிப்புக்குத் தயார். மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த முறை வேலைச் சுமை குறைந்த மாதத்தில் தொடங்குங்கள்.

கணக்கையும் தூசி தட்டுங்கள். தனித்தியங்கும் கணிதம் (டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்), நிகழ்தகவு, அணிகள் மூன்றும் எந்தக் கணினிப் பட்டத்திலும் உண்டு.

நான்காம் படி: எந்தப் படிப்பு?

இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் மற்றும் பயன்பாடுகள் பி.எஸ். படிப்பைத்தான். 2020இல் தொடங்கியது. ஜேஇஇ தேவையில்லை, வயது வரம்பு இல்லை. பிளஸ் டூ தேர்ச்சியும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருப்பதும் போதும். நான்கு வாரப் பாடங்களை முடித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறியவர் எத்தனை பேரானாலும் இடம் உண்டு. அடிப்படை நிலை, டிப்ளமா, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிப்படியாகப் போகிறது. இடையில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை முடித்த நிலைக்கான சான்றிதழோடு வெளியேறலாம். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு நான் அறிந்தவரை இல்லை. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை இருக்கிறது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் முன்பே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் சலுகை கைநழுவும்.

இதில் உள்ள சிரமம், தேர்வுகளை நேரில் போய் எழுத வேண்டும் என்பது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ நடத்தும் இணையவழி பி.சி.ஏ., எம்.சி.ஏ. இரண்டும் கட்டணத்தில் மிகவும் எளியவை. அரசு வேலைக்காக ஒரு பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே நேர்வழி. இதுபோன்ற படிப்புகளில் சேர இப்போது, முடித்த பாடங்களின் கிரெடிட்டை (பாட அளவுப் புள்ளிகளை) பதிந்து வைக்கும் கல்விக் கிரெடிட் வங்கியின் எண்ணும், அதை வைத்து உருவாக்கும் தொலைநிலைக் கல்வி அடையாள எண்ணும் தேவை.

வெளிநாட்டுப் படிப்புகளில், யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் 2009இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இணையவழிப் பல்கலைக்கழகம். பாடத்துக்குத் தனியாகக் கல்விக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணமும், தொடக்கத்தில் விண்ணப்பக் கட்டணமும் உண்டு. எனவே "முற்றிலும் இலவசம்" என்று நம்பிப் போக வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பி.எஸ்சி. கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தின் வழியாகத் தொடங்கப்பட்டது. பாடத்திட்டம் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியுடையது. 22 பாடங்களும் ஓர் இறுதித் திட்டப்பணியும் கொண்ட 360 கிரெடிட் பட்டம். மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் முடிக்கலாம். பிளஸ் டூ மதிப்பெண் போதாதவர்கள் முதலில் சில பாடங்களில் தேறிக் காட்டி உள்ளே வரும் வழியும் இருக்கிறது. படிப்பின் ஆழத்தில் இது மேலானது, செலவும் கூடுதல்.

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் மலிவு, வேகம் என்று இணையமெங்கும் புகழப்படுகிறது. அது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது. அதன் பின்னால் அலைந்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது ஒரு பட்டம் வைத்திருப்பவர் இரண்டாவது இளங்கலைப் பட்டத்துக்குப் போகும் முன் முதுகலையை எண்ணிப் பாருங்கள். ஜார்ஜியா டெக் 2014 முதல் நடத்தும் இணையவழிக் கணினி அறிவியல் முதுகலை, பத்துப் பாடங்கள் கொண்டது. மொத்தச் செலவு ஏழாயிரம் டாலரை ஒட்டி வரும். உலகத்தரமான படிப்புக்கு இது மிகக் குறைந்த தொகை. ஆனால் சேர்க்கைக்குக் கணினிப் பின்னணியும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். நம்முடைய மூன்றாண்டு இளங்கலை மட்டும் போதுமா என்ற கேள்வியை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எழுப்பக்கூடும். எம்.எஸ்சி., எம்.சி.ஏ. வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் முதுகலையும் கோர்செராவில் இருக்கிறது. பழைய மதிப்பெண் பட்டியலோ பரிந்துரையோ கேட்பதில்லை. நுழைவுப் பாடங்களைப் பணம் கட்டிப் படித்து, குறிப்பிட்ட தரம் எடுத்தால் சேர்க்கை உறுதி. 30 கிரெடிட், கிரெடிட்டுக்கு 525 டாலர் என்ற கணக்கில் 15,750 டாலர் வருகிறது. பி.காம், பி.ஏ. முடித்துவிட்டுப் பல ஆண்டுகள் நிரல் எழுதியவர்களுக்கு இது நியாயமான வாசல்.

ஐந்தாம் படி: அனுபவத்தைக் கிரெடிட்டாக மாற்றுவது

"பன்னிரண்டு வருட அனுபவம் இருக்கிறது, அதற்கு ஏதாவது கழிவு கிடைக்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அனுபவத்துக்காக மட்டும் எந்த நல்ல பல்கலைக்கழகமும் கிரெடிட்டை அள்ளித் தராது. அனுபவத்தை ஒரு சான்றிதழாக மாற்றிக் காட்டினால் தரும். கூகுளின் ஐடி சப்போர்ட் சான்றிதழை முடித்தவர்களுக்கு லண்டன் பல்கலைக்கழகம் ஒரு பாடத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, அமெரிக்கக் கல்விக் கழகம் பரிந்துரைக்கும் இணையப் பாடங்களின் கிரெடிட்டை ஏற்கின்றன. நெட்வொர்க் வேலையில் ஊறியவர் கூகுள் சான்றிதழைச் சில வாரங்களில் முடித்துவிடுவார். எந்தச் சான்றிதழுக்கு எந்தப் பாடம் கழியும் என்ற பட்டியலைச் சேரும் ஆண்டிலேயே பாருங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிளில் இளங்கலைக்கு 40 பாடங்கள், ஆண்டுக்கு ஐந்து பருவங்கள். வேலையோடு பருவத்துக்கு இரண்டு பாடம் என்றால் ஆண்டுக்குப் பத்து, மொத்தம் நான்கு ஆண்டுகள். பழைய படிப்பிலிருந்தும் சான்றிதழ்களிலிருந்தும் பத்துப் பாடங்கள் கழிந்தால் கால்பங்கு கட்டணமும் ஒரு முழு ஆண்டும் மிச்சம். கட்டணத்தைக் கடைசியில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அறிவிப்பில் உள்ள தொகை, கிரெடிட் கழிந்தபின் உங்களுக்கு வரும் தொகையாக இருக்காது. எனவே சேர்வதற்கு முன்பே கிரெடிட் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால், ஒரு பாடமும் கழியாது என்று வைத்தே உங்கள் வரவுசெலவைப் போடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் அனுபவம் நேரடியாகவே கைகொடுக்கும். "நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்று மேலாளர் எழுதினால் அதனால் பயனில்லை. நீங்கள் சரிசெய்த ஒரு பெரிய கோளாறு, நீங்கள் எழுதிய ஒரு நிரல், அதனால் நிறுவனத்துக்கு என்ன மாறியது என்று எழுதச் சொல்லுங்கள். குறிப்புகளை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான மேலாளர்கள் அதற்கு நன்றிதான் சொல்வார்கள்.

ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் விலக்கு உண்டா என்று கேளுங்கள். ஆங்கில வழியில் பட்டம் முடித்தவர்களுக்குப் பல இடங்களில் விலக்கு கிடைக்கும். தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்றால், டுவோலிங்கோ தேர்வை வீட்டிலேயே எழுதலாம். அதைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: பணம்

டாலரிலும் பவுண்டிலும் கட்டும்போது இன்றைய மதிப்பை வைத்து நான்கு ஆண்டுக்குத் திட்டமிடாதீர்கள். பத்து சதவீதம் கூட்டி வையுங்கள். கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணமாக மூன்று சதவீதத்தை ஒட்டியும், அதன் மேல் ஜிஎஸ்டியும் வங்கி எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும், திறக்காவிட்டால் பணம் போகாது. பெரிய தொகையை வங்கி மூலம் அனுப்புவதே லாபம். அப்போது, எதற்காகப் பணம் அனுப்புகிறீர்கள் என்று குறிக்கும் ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். வெளிநாட்டில் போய்ப் படிப்பவர்களுக்கான நோக்கக் குறியீடு வேறு, இங்கிருந்தபடியே படிப்பவர்களுக்கானது வேறு. சிறிய கிளைகளில் இதைக் குழப்பிவிடுவார்கள், சேர்க்கைக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கல்விக்காக ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய் வரை அனுப்புவதற்கு டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்தம் கிடையாது. மலிவான படிப்பை எடுப்பவர்கள் அந்த வரம்பைத் தொடவே மாட்டார்கள்.

பருவத்துக்குப் பருவம், பாடத்துக்குப் பாடம் கட்டும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடி தருவதாகச் சொல்வார்கள். முதல் ஆண்டில் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: மலையும் மழையும் கடிகாரமும்

நேரில் எழுதும் தேர்வுக்கு நீலகிரிக்காரர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர்தான் இறங்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர். சென்னை ஐஐடி தேர்வுகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும், அதே நாளில்தான் மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகள் நிரம்பி வழியும். கோடை சீசனில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என ஒருவழிப் போக்குவரத்து அமலாகும். ஐப்பசி கார்த்திகையில் பர்லியாறு பக்கம் ஒரு மரம் சாய்ந்தாலே பாதை அடைபடும். சனிக்கிழமை மதியமே கீழே இறங்கி உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குங்கள். அந்தச் செலவையும் கட்டணக் கணக்கில் சேருங்கள். கொடைக்கானல்காரர்கள் வத்தலக்குண்டு இறங்கி மதுரை போவதற்கும் இதே யோசனைதான்.

வீட்டிலிருந்து கேமரா கண்காணிப்பில் எழுதும் தேர்வுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கம்பியிழை இணைப்பு ஒன்று, வேறு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் மண் சரிந்து கேபிள் அறுபடும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். மின்சாரம் போனால் மடிக்கணினி தாக்குப் பிடிக்கும், மோடம் தாக்குப் பிடிக்காது. மோடத்துக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கூடலூர், பந்தலூர் மக்கள் ஆனி, ஆடி மாதங்களில் வரும் தேர்வுகளுக்கு ஊட்டியிலோ குன்னூரிலோ ஓர் அறையை முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது. தென்மேற்குப் பருவமழை அங்கே அடிக்கும் அடிக்கு எந்த இணைப்பையும் நம்ப முடியாது.

கடிகாரக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஜார்ஜியா டெக் போன்ற இடங்களில் "உலகில் எங்கும்" என்ற நேரத்தில், அதாவது நாள் கடைசியாக முடியும் இடத்தின் நேரத்தில், ஞாயிறு இரவு 11.59 என்று கெடு வைப்பார்கள். நமக்கு அது திங்கள் மாலை 5.29. யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிளில் வாரம் வியாழனில் தொடங்கிப் புதன் இரவில் முடிகிறது. நம் கணக்கில் வியாழன் காலை பத்தரையை ஒட்டி வரும். அலுவலக வேலை சூடு பிடிக்கும் நேரம் அது. ஆகவே உங்களுக்கான கெடுவைச் செவ்வாய் இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருவ நாட்காட்டி வந்தவுடன் ஊர்த் திருவிழா, படுகர்களின் எத்தையம்மன் பண்டிகை, கல்யாண நாட்களை அதன் மேல் குறித்துவிடுங்கள். மார்கழியில் ஹட்டியே (படுகர் ஊரே) கூடும் நாட்களில் நீங்கள் மட்டும் கணினி முன் உட்கார்ந்திருக்க முடியாது, உட்காரவும் வேண்டாம். அந்தப் பருவத்தில் ஒரு பாடம் மட்டும் எடுங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு வேலையை மறக்காமல் செய்துவாருங்கள். ஒவ்வொரு பாடமும் தொடங்கும்போது அதன் பாடத்திட்ட ஆவணத்தைப் பதிவிறக்கி, பாடக் குறியீடு, ஆண்டு, கிரெடிட் தெரியும்படி பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறும்போதும், பட்ட மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும்போதும் பாடத்தின் தலைப்பு மட்டும் போதாது, என்ன படித்தீர்கள் என்று கேட்பார்கள். பாடம் முடிந்த சில மாதங்களில் அந்தப் பக்கம் உங்களுக்குத் திறக்காமல் போகலாம்.